பிந்துவின் கட்டைவிரல்

குஜராத்தின் ஐந்து லட்சம் விவசாயிகள் வழங்கும் படம் என்ற அறிவிப்போடு தொடங்குகிறது ஷியாம் பெனகலின் ‘மந்தன்’. 1976இல் வந்த இந்திப் படம். கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பால் ஊற்றியவர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரித்தது. வகுப்பில் இதைத் திரையிட்டபோது ஒரு மாணவி கேட்டாள்: “அந்த அஞ்சு லட்சத்துல பொம்பளைங்க எத்தனை பேரும்மா?”

பலமுறை பார்த்த படம். எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

கூட்டுறவின் அரசியல் இந்தப் படத்துக்கு நன்றாகவே தெரியும். 1946இல் கெய்ரா மாவட்டத்தில் உருவான பால் சங்கத்தின் வரலாறு அதன் பின்னே நிற்கிறது. கொழுப்பைச் சோதித்து அதற்கேற்ற விலை தருவது என்ற சின்னக் கணக்கு தனியார் பால்பண்ணைக்காரர் மிஸ்ராவைக் கலங்கடிக்கிறது. சங்கத் தேர்தலில் தோற்றதும் ஊர்த்தலைவரின் நியாயம் நிறம் மாறுகிறது. சாதியை இவ்வளவு நேராகப் பேசிய படம், பிந்துவிடம் வரும்போது மட்டும் தடுமாறுகிறது.

பிந்துவாக ஸ்மிதா பாட்டீல். மாடு அவள் பொறுப்பு; தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறாள். வெளியூரிலிருந்து வந்த டாக்டர் ராவுக்கும் அவளுக்கும் இடையிலான பார்வைகளில் படம் நெடுநேரம் தங்குகிறது. பிறகு, படிக்கத் தெரியாத அவளுடைய கைநாட்டு ஒரு தாளில் வாங்கப்படுகிறது. ராவ் மீதான பாலியல் புகார் அது. அவளைப் பொய்க்காரியாக்காமல், அந்தக் கைநாட்டு எப்படிப் பறிக்கப்பட்டது என்று காட்டியதற்காகப் பெனகலை மதிக்கிறேன். ஆனால் காயம் ராவுடையதாகிவிடுகிறது. ஊரைவிட்டுப் போகும் அவருக்காகத்தான் நாம் வருந்துகிறோம். சங்கத்தைத் தொடர்ந்து நடத்த போலா இருக்கிறான். பிந்து அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதைப் படம் கற்பனை செய்யவேயில்லை.

மந்தன் என்றால் கடைதல். வீட்டில் கடைந்தது யார்? என் பாட்டி மோர் விற்ற காசு அவர் சுருக்குப்பையில் இருந்தது. தாத்தாவே கேட்டுத்தான் வாங்குவார். எங்கள் ஊருக்குச் சொசைட்டி வந்ததும் பால் மொத்தமாக அங்கே போனது. விலை கூடியது, அதை மறுக்க மாட்டேன். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்தப் பால்தான். ஆனால் கறந்ததும் புண்ணாக்கு கரைத்ததும் அம்மா, பட்டுவாடா நாளில் கையெழுத்துப் போட்டது அப்பா. வீட்டுக்கு ஒரு உறுப்பினர், அது ஆண் என்று யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்கத் தேவையும் இருக்கவில்லை. பெண்கள் மட்டுமே உறுப்பினரான பால் சங்கங்கள் பின்னர் இங்கும் குஜராத்திலும் வந்தன. எங்கள் ஊரில் வரவில்லை.

அடுத்த வாரம் அந்த மாணவி தன் வீட்டுப் பால் அட்டையை எடுத்து வந்து காட்டினாள். பெயர் இருந்த இடத்தில் அவள் தாத்தா. அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறதாம். பால் ஊற்றுவது அவள் அம்மா.