சுடுமண்ணும் பொலிப்பாட்டும்: உழைப்பின் சித்திரிப்புப் பற்றிய ஒரு குறிப்பு

கிரேக்கக் கலை என்றதும் பளிங்குச் சிற்பங்களையே பேசுவது கலைவரலாற்று மரபாகிவிட்டது. கடவுளரையும் வீரரையும் காட்டிய அப்பளிங்கின் அருகே, கைக்கடங்கும் சுடுமண் பாவைகளும் பெருந்தொகையாக ஆக்கப்பட்டன. பொயோத்தியாவில் கி.மு. 500ஐ ஒட்டி வனையப்பெற்ற சிலவற்றில், மயிர் வெட்டும் நாவிதனையும் மாப்பிசையும் பெண்ணையும் காண்கிறோம். பாரிசின் லூவர் நூதனசாலையிலுள்ள தீப்ஸ் நகரத்துத் தொகுதியொன்றில், பெண்கள் வரிசையாக நின்று மாப்பிசைய, ஒருவர் இரட்டைக்குழல் ஊதுகிறார்.

கூட்டுழைப்பின் சந்தத்திலிருந்தே பாட்டுப் பிறந்தது என ஜோர்ஜ் தொம்சன் விளக்கினார். அவரிடம் ஆய்வு செய்த கைலாசபதி வாயிலாக அக்கருத்து ஈழத்து விமரிசனத்திலும் வேரூன்றியது. அதற்குச் சான்றாக இத்தொகுதியைக் காட்டி நாம் அமைந்துவிடலாம். ஆயின் அது பாதி உண்மையே. குழலோசை கைகளை ஒன்றிணைக்கிறது. வேலையை விரைவுபடுத்தவும் செய்கிறது. பிசைந்த மா எவருக்குரியது என்ற வினாவுக்குப் பாவை விடை தருவதில்லை. உழைப்புச் சித்திரிக்கப்பட்டமையால் மாத்திரம் ஒரு கலை உழைப்போரின் கலையாகிவிடாது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் சூடடிக்கும் களங்களிற் பாடப்பட்ட பொலிப்பாட்டும் இவ்வாறே நோக்கற்பாலது. மாடுகளின் நடையும் பாடுவோரின் மூச்சும் அதன் சந்தத்தை அமைத்தன. உழைத்தோர் தம் வாயாலேயே பாடியது அது. வாங்குவோருக்கென வனைந்த பாவை அன்று. இவ்வேறுபாடு பெரிது. எனினும், பொலி பெருகப் பாடியோர் யாவரும் அப்பொலிக்கு உரியவரல்லர், வயல் போடியாருடையது. இதனை மறைத்து நாட்டார் பாடலைப் போற்றுவோர், உழைப்பைப் போற்றுவதாக எண்ணி உடைமையுறவை மூடிவிடுகின்றனர்.

1870களில் தனக்ராவின் கல்லறைகளிலிருந்து வெளிப்பட்ட, ஆடை மடிப்புகள் ஒழுகும் பெண்பாவைகளை ஐரோப்பியச் செல்வர் விரும்பி வாங்கினர், போலிகளும் மலிந்தன. வனைந்தவனையும் வழங்கிய சூழலையும் இழந்த பாவை, அலுமாரிக்குரிய அழகாயிற்று.

அறுவடை இயந்திரம் வந்தபின் களத்தில் மாடுகளும் இல்லை, பாட்டும் இல்லை. பொலிப்பாட்டு இன்று மேடையேறிக் கலைநிகழ்ச்சியாகின்றது. அதனைக் காப்பது தேவையே. ஆனால் சொல்லையும் மெட்டையும் மாத்திரம் காப்பின், நமக்கு எஞ்சுவது மற்றொரு பாவையே. எனவே பாடலைப் பதிவுசெய்யும் நம் மாணவர், வயல் எவருடையது, பாடியோர் பெற்ற கூலி யாது என்பவற்றையும் முதியோரிடம் கேட்டு உடன் பதிவுசெய்தல் வேண்டும். அவற்றைச் சொல்லக்கூடியோர் இன்னும் நம்மிடையே உளர்.