தாளிக்காத குழம்பும் எழுதாத வாதமும்

பண்டிகை நாளில் கோழி இட்ட முட்டையை அன்றைக்கே தின்னலாமா? யூதர்களின் வாய்மொழிச் சட்டங்களைக் கி.பி. 200 வாக்கில் தொகுத்த நூல் மிஷ்னா. அதில் பண்டிகை நாள் விதிகளைப் பேசும் பகுதி இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. பகுதியின் பெயரே 'பேட்சா', அதாவது முட்டை. ஷம்மாய் மரபினர் தின்னலாம் என்கிறார்கள். ஹில்லேல் மரபினர் கூடாது என்கிறார்கள்.

படிக்கிறவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனா கொஞ்சம் பொறுத்துப் படித்தால் விஷயம் அடுப்புக்கு வந்துவிடும். சபாத் என்ற வாராந்திர ஓய்வுநாளில் சமைக்கவே கூடாது. பண்டிகையன்று சமைக்கலாம், ஆனால் புதிதாகத் தீ உண்டாக்கக் கூடாது. ஏற்கெனவே எரிகிற தீயிலிருந்து பற்றவைத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஆசாரமான வீடுகளில் இன்றும் முந்தின நாளே நின்று எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிவைத்து, கேஸ் அடுப்பை அதிலிருந்து பற்றவைக்கிறார்கள். லைட்டரைத் தட்டினால் வருவது புதுத் தீ.

தீயை உண்டாக்குவது வேறு, கைமாற்றுவது வேறு என்ற இந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கிறது. அதைவிடப் பிடித்தது, தோற்ற கட்சியின் வாதத்தையும் அந்த நூல் அழிக்காமல் வைத்திருப்பது. ஏன் வைக்க வேண்டும் என்றும் மிஷ்னாவே கேட்டுக்கொள்கிறது. பின்னால் வரும் ஒரு சபை அந்தக் கருத்தைச் சார்ந்து முடிவெடுக்க நேரலாம் என்பது அது சொல்லும் காரணங்களில் ஒன்று. கோடு எழுதுகிறவர்களுக்கு இது புரியும்: நீக்கிய வரியும் ஹிஸ்டரியில் இருக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. அடுப்பைப் பற்றி இவ்வளவு பேசும் நூலில், அடுப்பு முன்னால் நிற்கிற பெண்ணின் குரல் அநேகமாகக் கேட்பதே இல்லை. 'சபாத் மோட்' வைத்த இன்றைய மின் அடுப்புகள் இன்னும் ஒரு படி போகின்றன. தானாக அணைவதை நிறுத்துகிறார்கள், கதவைத் திறந்தாலும் விளக்கு எரியாது. சிப்புக்குள் விதி மட்டும் போகிறது, வாதம் போவதில்லை.

நம்ம கொங்கு வீடுகளிலும் அடுப்புக்குச் சட்டம் உண்டு. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எழவு வீட்டில் பொணம் எடுக்கற வரைக்கும் அடுப்புப் பத்த வெக்கறதில்ல, சொந்தபந்தம் சோறு கொண்டுவரும். குஜராத்தி வீடுகளில் சீதளா சப்தமியன்று அடுப்பு எரியாது, முந்தின நாள் சமைத்ததையே ஆறிப்போனபடி சாப்பிடுகிறார்கள். மாரியம்மனைப் போல சீதளாவும் அம்மைக்குரிய தெய்வம்தான்.

ஏன் என்று கேட்டால் "ஆகாதுங்க" என்பதோடு முடிந்துவிடும். யாராவது மறுத்திருப்பார்கள். காய்ச்சல்காரக் குழந்தைக்கு ரசம் தாளிக்கலாமா என்று இரண்டு பெண்கள் வாதாடியிருப்பார்கள். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால் நமக்குக் கிடைப்பது இரண்டே வழி: அப்படியே கும்பிடுவது, இல்லையென்றால் மூடநம்பிக்கை என்று தூக்கிப்போடுவது. விதியைத் திருத்துவதற்கு அதன் வாதம் கையில் இருக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடிய கிழவிகள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.