விருத்தமும் விரல்களும்

ஜவ்வாது மலை அமிர்தியில், அருவிக்குச் செல்லும் வழியில் இசையறிந்த அன்பர் ஒருவர் விருத்தம் பாடக் கேட்டோம். விருத்தத்திற்குத் தாளக்கட்டு இல்லை. ஆயினும் எம் விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டேயிருந்தன. எதைத் தட்டின? சீரையும் மோனையையும் மூச்சையுமே என்று தோன்றுகிறது. மிசிர சாப்பைக் கேட்போரும் ஏழாக எண்ணுவதில்லை. மூன்றும் நான்குமாக, ஒரு குட்டையடி ஒரு நெட்டையடியாகவே உணர்கின்றனர். பிரான்சின் சொலேம் மடத்துத் துறவி மொக்கெரோ, 1908இல் வெளியிட்ட நூலில் கிரகோரியன் பாடலையும் இவ்வாறே இரண்டு, மூன்று எனப் பகுத்தார். அவர் பகுப்பில் எண்ணிக்கை ஒருபுறமும் சொல்லழுத்தம் மறுபுறமும் போய்விடுவது குறையே. ஆனால், விருத்தத்தின் அடியிலும் மின்னிசைப் பெட்டியின் நாலடித் தாளத்தை ஓடவிடுகிறோமே, அது அதனினும் கொடிது! கேட்பவர் தாமே தேடிக் காணவேண்டிய துடிப்பை இயந்திரம் முந்திக்கொள்கிறது. அமிர்தியில் பெட்டி இல்லை; அன்பர் மூச்சு வாங்கிய இடத்தில் எம் விரலும் நின்றது.