காடும் கற்பும்

அமெரிக்க ஆசிரியர் ஹாதார்ன் 1850-இல் வெளியிட்ட ‘செவ்வெழுத்து’ என்னும் நவீனத்தில், பாஸ்டன் நகரத்துப் பியூரிட்டன் மதத்தினர் காட்டைச் சாத்தானின் இருப்பிடமெனக் கருதுகின்றனர். அவர்களால் மார்பில் இழிவுக்குறி சூட்டப்பெற்ற ஹெஸ்டரோ, ஏழாண்டு கழிந்தபின் அக்காட்டிலேதான் அதைக் கழற்றியெறிகிறாள். ஆயினும் அவள் மகளே அதை மீண்டும் அணியச் செய்கிறாள். குழந்தை அறிந்த தாய் குறியணிந்த தாயன்றோ!

நிற்க. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ இதனினும் ஒருபடி மேற்செல்கிறது. காட்டிலே கல்லாய்க் கிடந்த அகலிகை பெண்ணாகிறாள். சீதை தீக்குளித்த செய்தி கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். ஹெஸ்டருக்குக் காடு ஒரு நாழிகையேனும் விடுதலை தந்தது. அகலிகைக்கோ, ஊரின் நீதி ஆசிரமத்துள்ளும் புகுந்துவிட்டது.

தோட்டத்துத் தோழர்காள்! நகரத்து நண்பர்காள்! ஒளிந்துகொள்ளக் காடு தேடுதல் பரிகாரமாகாது. ஊரைத் திருத்துவதே பரிகாரம்.