வாயில் மறுத்தல்: திரைவழிப் பாலியல் சிகிச்சையை வாசித்தல்

பாலியல் சிகிச்சையின் முதல் அமர்வு பெரும்பாலும் ஒரு எளிய கேள்வியோடு தொடங்குகிறது: என்ன சிரமம், எப்போதிலிருந்து? நம் பெண்களில் பலருக்கு இதற்குப் பதில் சொல்லத் தன்மை ஒருமையில் ஒரு வாக்கியம் கிடைப்பதில்லை. ‘நான் ஒத்துழைக்கிறதில்லைன்னு அவர் சொல்றார்’ என்பதே முதலில் வாய்க்கு வருகிறது. சிரமம் அவளுடையது, வாக்கியத்தின் பயனிலை அவனுடையது. ‘ஒத்துழைப்பு’ என்பது காவல் நிலைய விசாரணையிலும் அலுவலகச் சுற்றறிக்கையிலும் புழங்கும் சொல். அது படுக்கையறைக்குள் வந்து சேர்ந்திருப்பதிலிருந்தே, அங்கே நடப்பது யாருடைய வேலை, யார் அதற்கு உதவி செய்பவர் என்பது விளங்கிவிடுகிறது.

கைபேசித் திரையில் ஓர் ஆலோசகரோடு பேசும் இந்தச் சிகிச்சை கடந்த சில ஆண்டுகளில் நம்மிடையே பரவியிருக்கிறது. கொரோனா முடக்கத்தின் தொடக்கத்தில், 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவத்திற்கான வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு வெளியிட்ட பிறகு அதற்கு ஒரு முறையான வாசல் திறந்தது. இந்த வாசலில் நுழையும் பெண் எதை எதிர்பார்க்கலாம், எதற்கு உடன்பட வேண்டியதில்லை என்பதை ஒரு பிரதியைப் படிப்பதுபோல் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் பாலியல் மருத்துவம் யாரை நோக்கிப் பேசிவந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரிலும் பின்னிரவுத் தொலைக்காட்சியிலும் வந்த ‘வாலிப வயோதிக அன்பர்களே’ வகை விளம்பரங்களுக்குப் பெண் என்றொரு நோயாளி கிடையாது. பாலின்பத் திறனை அதிகரிப்பதாகச் சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமே தடைசெய்திருக்கிறது. ஆனாலும் லாட்ஜ் அறை வைத்தியம் செழித்தது. அதற்கு மாற்றாக, மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியில் நடத்திய ‘புதிரா புனிதமா’ பல வீடுகளில் முதன்முறையாக அறிவியல் சார்ந்த ஒரு பேச்சைக் கொண்டுவந்தது. அதன் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. எனினும் அந்தத் தலைப்பு நமக்குத் தந்த தேர்வுகள் இரண்டுதான்: ஒன்று புதிர், அல்லது புனிதம். இன்பம் என்கிற மூன்றாவது சொல், திருக்குறளின் ஒரு பாலுக்கே பெயராக இருந்தும், அந்தக் கேள்வியில் இடம்பெறவில்லை. அந்தப் பாலைத் தாண்டிவிட்டுத்தான் பள்ளியில் குறள் படித்தோம் என்பதும் நினைவுக்கு வருகிறது.

இனி அமர்வுக்கு வருவோம். முதல் ஒன்றிரண்டு சந்திப்புகள் பெரும்பாலும் கேள்விகளாகவே கழியும். மாதவிடாய், பிரசவம், தையல், அறுவைச் சிகிச்சை, சர்க்கரை, தைராய்டு, சாப்பிடும் மாத்திரைகள், குழந்தைப் பருவத்தில் நேர்ந்த அத்துமீறல், இப்போதைய உறவில் உள்ள அச்சம் என்று கேள்விகள் நீளும். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் வேட்கையைக் குறைக்கும், உச்சம் எட்டுவதைத் தாமதப்படுத்தும். மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி உறவை வலியாக்கும். இவற்றைக் கேட்காமலே ‘மனசை ரிலாக்ஸா வச்சுக்கோங்க’ என்று சொல்லும் ஆலோசகரை மாற்றிவிடலாம். இது பேச்சுவழிச் சிகிச்சை. இதில் ஆடை களைய வேண்டியதில்லை, காமிராவின் முன் எதையும் செய்துகாட்ட வேண்டியதில்லை. அப்படிக் கேட்பவர் யாராக இருந்தாலும் அது அத்துமீறல். இணைப்பைத் துண்டிக்க அது ஒன்றே போதுமான காரணம்.

அகத்திணையில் ‘வெறியாட்டு’ என்றொரு துறை உண்டு. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது. தாய்க்குக் காரணம் தெரியவில்லை, வேலனை அழைத்து வந்து முருகு அணங்கியதாகக் குறி கேட்கிறாள். உண்மையான காரணம் தலைவிக்கும் தோழிக்கும் மட்டுமே தெரியும். தமிழ் இலக்கியத்தில் பெண்ணுடலைப் பிறர் தவறாக நோய்நிதானம் செய்த வரலாறு அங்கேயே பதிவாகியிருக்கிறது. சொல்ல முடியாதவள், சொல்லத் தேவையில்லை என்று நினைக்கும் குடும்பம், கேட்காமலே தீர்வு சொல்லும் வேலன் ஆகிய மூவரும் இன்றும் இருக்கிறார்கள். கல்யாணமாகி ஓராண்டாகியும் உறவு கூடாத பெண்ணுக்குப் பரிகாரத் தலம் சொல்கிறார்கள், ‘ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்’ என்கிறார்கள். அவளுடைய இடுப்புத்தளத் தசைகள் அவளை மீறி இறுகிக்கொள்கின்றன என்பதைக் கேட்க ஆளில்லை. நல்ல ஆலோசகரின் வேலை, நோய்ப்பெயர் சூட்டும் முன் அவளையே பேசவிடுவது. திரையின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. வலி என்று வந்துவிட்டால் நேரில் ஒரு மகப்பேறு மருத்துவரின் பரிசோதனை வேண்டும், சிலருக்கு இடுப்புத்தளப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் வேண்டும். எண்டோமெட்ரியோசிஸின் வலியை வீடியோ அழைப்பில் கண்டுபிடிக்க முடியாது. ‘எல்லாம் ஆன்லைனிலேயே முடியும்’ என்று விற்பவர் புதிய வேலன்.

நோய்ப்பெயர்களுக்கும் வரலாறு உண்டு. அந்த இறுக்கத்திற்கு ‘வஜைனிஸ்மஸ்’ என்று 1860களின் தொடக்கத்தில் பெயரிட்டவர் அமெரிக்க மருத்துவர் மரியன் சிம்ஸ். அதற்கு முன் அலபாமாவில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள்மீது மயக்க மருந்தின்றி அறுவைச் சோதனைகள் நடத்தியவர் அவர். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. பெண்ணின் உடல் மூடிக்கொள்வதற்கு அவர் கண்ட தீர்வு கத்தியால் வெட்டித் திறப்பது. உடல் ஏன் மூடிக்கொண்டது என்ற கேள்வி பின்னால்தான் வந்தது.

அந்தக் கேள்வியைச் சிகிச்சையாக வளர்த்ததில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரின் பங்கு பெரிது. 1970இல் வெளிவந்த அவர்களுடைய நூலிலிருந்து வந்ததுதான், இன்றைய ஆலோசகர்கள் பலரும் தரும் ‘சென்சேட் ஃபோகஸ்’ என்ற வீட்டுப்பாடம். முதல் கட்டத்தில் உடலுறவு கூடாது. மார்பையும் பிறப்புறுப்பையும் தொடக் கூடாது. மற்ற இடங்களை ஒருவர் மாற்றி ஒருவர் தொடலாம். இலக்கு எதுவுமில்லை, தொடுதலில் கவனம் வைப்பது மட்டுமே பயிற்சி. வஜைனிஸ்மஸ் உள்ளவர்களுக்கு இதனோடு மூச்சுப் பயிற்சியும், அளவில் படிப்படியாக ஏறும் டைலேட்டர்களும் சேரும். வேகத்தைத் தீர்மானிப்பவள் அவளே. அமர்வுகளுக்கு இடையே வீட்டில் நடப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி, அதற்கு வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம்.

ஆனால் இந்தச் சிகிச்சை தொடக்கத்திலிருந்தே நடுநிலையானதாக இருந்ததில்லை. துணையில்லாத ஆண்களுக்கு மாஸ்டர்ஸும் ஜான்சனும் பதிலித் துணைகளை ஏற்பாடு செய்தார்கள், துணையில்லாத பெண்களுக்குச் செய்யவில்லை. 1979இல் தன்பாலின ஈர்ப்பை மாற்ற முடியும் என்றும் எழுதினார்கள். அந்த ‘மாற்றும் சிகிச்சை’க்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்புச் சொல்லும் முன் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டதையும் பதிவுசெய்தார். ஒரு பெண்ணை நேசிக்கும் பெண், தனித்து வாழும் பெண், கணவனை இழந்தவள் என எவருக்கும் இந்தச் சிகிச்சையில் இடமுண்டு. ‘ஹஸ்பண்டைக் கூட்டிட்டு வாங்க’ என்று தொடங்கும் ஆலோசகர் அந்த இடத்தைப் பறித்துவிடுகிறார்.

என் வாசிப்பில் இந்த வீட்டுப்பாடத்தின் முதல் விதியே மிக முக்கியமானது. உடலுறவு கூடாது என்று ஒரு நிபுணர் சொல்கிறார். பல மனைவிகளுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ‘வேண்டாம்’ என்பதற்கு ஓர் அதிகாரபூர்வமான சீட்டு கிடைக்கிறது. நம் மரபில் இதற்கு நிகரான சொல் இருக்கிறது: வாயில் மறுத்தல். பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனுக்கும் அவன் அனுப்பும் தூதர்களுக்கும் தலைவியோ தோழியோ வாசலை மறுப்பது. அகப்பாடல்களின் மிகத் துணிச்சலான குரல்கள் இந்தத் துறையில் கேட்கின்றன. ஆனால் துறைகளின் வரிசையில் மறுத்தலுக்குப் பிறகு ஊடல் தீர்தல் காத்திருக்கிறது. மறுப்பைக் கூடலின் சுவையைக் கூட்டும் ஒரு படியாகவே மரபு வாசித்தது. சிகிச்சையும் அப்படியே செய்கிறது. தடை தற்காலிகமானது, சில வாரங்களில் தளர்த்தப்படும், ‘வெற்றி’ என்பது கடைசியில் உறவு நிகழ்வது. மறுப்பே அவளுடைய இறுதி முடிவாக இருந்தால் அதற்கு மரபிலும் துறையில்லை, சிகிச்சையிலும் கட்டமில்லை.

2000இல் கனடிய மருத்துவர் ரோஸ்மேரி பேசன் முன்வைத்த மாதிரியையும் இந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும். பெண்களுக்கு ஆசை எப்போதும் முதலில் வருவதில்லை, நெருக்கத்திற்கு மனம் இசைந்து தொடங்கியபின் கிளர்ச்சியும், அதன்பின் ஆசையும் வரலாம் என்றார் அவர். தானாக ஆசை எழவில்லையே என்று தன்னைக் குறைபாடுள்ளவளாக நினைத்த எத்தனையோ பெண்களுக்கு இது ஆறுதல். அதே வாக்கியம் ஒரு கணவனின் வாயில் ‘ஆரம்பிச்சா ஆசை வந்துடும்னு டாக்டரே சொன்னார்ல’ என்று மாறிவிடும். பேசனின் வட்டம் அவளுடைய இசைவிலிருந்து தொடங்குகிறது. இசைவு இல்லாத இடத்தில் அந்த வட்டமே கிடையாது. இதே ஆண்டில் லியனோர் டீஃபரும் அவர் தோழிகளும் தொடங்கிய ‘புதிய பார்வை’ இயக்கம், பெண்ணின் பாலியல் சிரமங்களை மாத்திரையால் தீரும் கோளாறாகச் சுருக்குவதை எதிர்த்தது. களைப்பு, வறுமை, வன்முறை, அறியாமை, சமமற்ற உறவு ஆகியவையும் காரணங்கள் என்றது. மூன்று வேளைச் சமையலும் வேலையும் மாமியாரின் மருந்து நேரமும் முடித்துப் பதினொரு மணிக்குப் படுப்பவளின் ஆசையின்மைக்கு நோய்ப்பெயர் தேடுவதற்குமுன், அவளுடைய வேலைப் பட்டியலைக் கேட்க வேண்டும்.

இந்தச் சிகிச்சை, சமமான இருவர் ஒப்பந்தம் செய்துகொள்வதாகக் கற்பனை செய்கிறது. நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவு வன்புணர்வு ஆகாது என்ற பழைய விதிவிலக்கைத் தக்கவைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மட்டுமே பாலியல் வன்கொடுமையைக் குடும்ப வன்முறையின் ஒரு வடிவமாக ஏற்கிறது. ஆகவே, இருவரையும் ஒரே திரையில் உட்கார வைக்குமுன் அவளிடம் தனியாக ஒரு அமர்வு பேசாத ஆலோசகரை நம்ப வேண்டாம். அவன் பக்கத்தில் இருக்கும்போது ‘பயமா இருக்கா?’ என்று கேட்டால் அவள் இல்லை என்றுதான் சொல்வாள்.

அந்தத் தனிமையும் எளிதில் கிடைப்பதில்லை. நம் வீடுகளில் கதவு தாழிட்டு ஒரு பெண் நாற்பத்தைந்து நிமிடம் பேசினால் அதுவே விசாரணைக்குரிய செய்தி. மொட்டை மாடியும், பூட்டிய காரும், மதிய இடைவேளையில் காலியான வகுப்பறையும் ஆலோசனை அறைகளாகின்றன. கட்டணம் கூட்டுக் கணக்கிலிருந்து போனால் குறுஞ்செய்தி கணவனின் கைபேசிக்குப் போகும். காதில் ஹெட்போன் போட்டு, பதில்களைத் தட்டச்சு செய்யலாமா என்று கேட்டுக்கொள்ளலாம். யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்ற ஒரு சொல்லை முன்கூட்டியே பேசிவைக்கலாம்.

அன்பின் ஐந்திணையில் எவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயரின்மை அங்கே தலைவிக்குக் காப்பு. 2020ஆம் ஆண்டின் நெறிகள் இதற்கு நேர்மாறாக, மருத்துவரும் நோயாளியும் ஒருவரையொருவர் அடையாளம் அறிந்திருக்க வேண்டும் என்கின்றன. இது அச்சமூட்டலாம், ஆனால் இந்த விதி நமக்கும் ஓர் உரிமையைத் தருகிறது. நம் பெயரைக் கேட்பவரிடம் அவருடைய பதிவு எண்ணை நாம் கேட்கலாம். ‘செக்ஸ் தெரபிஸ்ட்’ என்ற பட்டத்திற்கென்று தனி உரிமம் இங்கே இல்லை. எனவே அவர் மருத்துவ மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவரா, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா, வேறு என்ன பயிற்சி பெற்றவர் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. அமர்வைப் பதிவுசெய்கிறார்களா, குறிப்புகள் எங்கே இருக்கும், கணவரோ பெற்றோரோ கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதையும் முதல் நாளே கேட்கலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பாலியல் குற்றம் ஒன்று நடந்ததாகத் தெரியவந்தால் அதைத் தெரிவிக்க ஆலோசகரை போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது.

இன்னொன்று, எந்த மொழியில் பேசப்போகிறோம் என்பது. தங்கள் உடலுறுப்புகளின் பெயர்களைத் தமிழில் எழுதியதற்காகவே நம் பெண் கவிஞர்கள் வசைகளைச் சந்தித்தார்கள். 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்புக்குக் கிளம்பிய எதிர்ப்பு நம் நினைவில் இருக்கிறது. அந்தச் சொற்கள் வசையாகவோ ஆங்கிலமாகவோ மட்டுமே கிடைக்கும் நிலையில், சிகிச்சை அறைக்குள் பெண் ‘அங்கே’, ‘அது’ என்று சுட்டுச்சொற்களால் பேசுகிறாள். வலி எங்கே என்று சொல்ல முடியாதவளுக்கு வைத்தியம் எப்படிச் செய்வது? தன் சொற்களை அவள் தேடிக் கண்டெடுக்கும்வரை பொறுத்திருக்கும் ஆலோசகர், தமிழில் கேட்கத் தெரிந்த ஆலோசகர், பாதிச் சிகிச்சையை அங்கேயே செய்துவிடுகிறார்.

இத்தனை விமர்சனங்களுக்குப் பிறகும் வலியோடு வாழும் ஒரு பெண்ணிடம் இந்தச் சிகிச்சையைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். வலி விதியில்லை, பெரும்பாலும் குறைக்கக்கூடியது. போகலாம், பிடிக்கவில்லையென்றால் பாதியில் நிறுத்தலாம், வேறொருவரைத் தேடலாம். போகுமுன் ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம்: ‘இதிலிருந்து எனக்கு என்ன வேண்டும்?’ அதற்கான பதில் குழந்தையாக இருக்கலாம், இன்பமாக இருக்கலாம், வலியின்மையாக இருக்கலாம், இந்த உறவே வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம். எதுவானாலும் அந்த வாக்கியத்தின் எழுவாய் ‘நான்’ என்று இருக்கட்டும்.