குறைந்த வசதி எது?

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளி மண்டபங்களில் 'வசதி குறைந்தோருக்கு உதவி' என்ற பதாகை ஏறிவிடும். கீழே அரிசி, எண்ணெய், பிஸ்கட் டின் நிறைந்த உணவுக் கூடைகள். படம் எடுத்து முடியும்வரை வாங்கியவர் கூடையை இறக்கக் கூடாது.

ஆங்கிலத்தின் 'நீடி' என்ற அடைமொழியைத்தான் நாம் 'வசதி குறைந்தோர்' என்று எழுதிவருகிறோம். 'ஏழை' என்பதைவிடக் கூச்சம் குறைவு; நன்கொடையாளர் மனமும் இளகும். அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால், அது ஆளின்மேல் ஒட்டுகிற சொல். அவருக்கு எது குறைகிறது என்று சொல்லாது. 'அன்மெட்' என்ற இன்னோர் அடைமொழி ஆளை விட்டுவிட்டுத் தேவையைப் பிடிக்கிறது: நிறைவேறாத தேவை. நிறைவேற்றாதவர் யார் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டம் இந்த இரண்டாவது வழியில் சென்றது. தண்ணீர், மின்சாரம், பிள்ளைக் காப்பகம் என்று தோட்ட நிர்வாகத்தின் கடமைகளை வரிசையாக எழுதியது. கேட்டு வாங்க அதில் இடமிருந்தது. ஆனாலும் வேலை இருக்கும்வரைதான் தோட்டத்து லயத்து வீடு. ஆயுள் முழுக்க ரப்பர்ப் பால் வெட்டியவர் ஓய்வுபெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கெடாவின் பீடோங்கிலோ சுங்கைப் பட்டாணியிலோ வாடகைக்கு வீடு தேடவேண்டும். எந்தக் கூடையிலும் அடங்காத தேவை அது.

வருமானத்தை வைத்து ஆளை அளப்பதும் நம்பத்தக்கதாக இல்லை. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வறுமைக் கோடு மாதம் 980 ரிங்கிட் என்ற பழைய அளவிலிருந்து 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டதும் வறுமை விகிதம் 0.4 விழுக்காட்டிலிருந்து 5.6 விழுக்காடானது. எந்தக் குடும்பமும் அன்று புதிதாக நொடித்துப்போகவில்லை, கோடுதான் நகர்ந்தது.

தேவையை முன்னிறுத்தும் பேச்சிலும் ஓர் ஆபத்து உண்டு: தேவை எது என்று மேலே இருப்பவர் முடிவுசெய்துவிடுவார். வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடையும் தொழிலாளிக்கு வேண்டிய வசதியாகத்தான் நடந்தது. பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை அந்த 'வசதி'யை எதிர்த்து மறியல் செய்தது. அந்த எதிர்ப்பு 1947இல் போலீசுடன் மோதலில் முடிந்தது. தங்களுக்கு எது தேவை, எது வேண்டாம் என்று தோட்டத்து மக்களே வெளிப்படையாகச் சொன்ன தருணம் அது. இன்றைய உதவி விழாக்களில் நான் காணாதது அந்தக் குரலைத்தான். வாங்குபவரிடம் ஒலிவாங்கியை யாரும் நீட்டுவதில்லை, நன்றி சொல்வதற்குத் தவிர.

ஆகவே சங்கத்துக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த உதவிப் பாரத்தில் வருமானக் கட்டத்துக்கு மேலே 'உங்களுக்கு என்ன தேவை?' என்று ஒரு வரி சேருங்கள். அரிசி என்று எழுதியவருக்கு அரிசி கொடுங்கள். அடையாளக் கார்டு, வீடு என்று எழுதியவருக்காக, கூடையோடு நிறுத்தாமல், உரிய அரசு அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள்.