இரவின் நிறமும் திருத்தத்தின் எல்லையும்

இரவுப் படமொன்றில் வீதிவிளக்கின் செம்மஞ்சள் படிந்திருப்பின் அதனை வழுவெனக் கொண்டு நீக்குதலே ஒளிப்படக்காரரிடை வழக்கமாயுள்ளது. இவ்வழக்கு மறுபரிசீலனைக்குரியது.

மணவீட்டுப் படத்தில் மணமகளின் முகம் பச்சையாயிருப்பதை எவரும் விரும்பார். அங்கு திருத்தம் வேண்டியதே. பகலொளிப் பிலிம் ஏறத்தாழ 5500 கெல்வின் நிறவெப்பநிலைக்கும் டங்ஸ்டன் பிலிம் 3200 கெல்வினுக்கும் அமைந்தவை. முன்னையதில் மின்குமிழொளி செம்மஞ்சளாகப் பதியும். நீல வடிகட்டி அதனைச் சமன்செய்யும். ஆயின் தாழ்அமுக்கச் சோடிய விளக்கு ஏறத்தாழ முழுதும் 589 நனோமீற்றர் அலைநீளத்தையொட்டியே ஒளிர்வது. அவ்வொளியில் இல்லாத நீலத்தை எவ்வடிகட்டியும் மீட்டுத் தராது. மஞ்சளை அகற்றினால் எஞ்சுவது சாம்பல் நிறமே.

மைக்கல் மான் நெறிப்படுத்திய 'கொலட்டரல்' (2004) இவ்விடயத்தில் நோக்கற்பாலது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓரிரவைச் சித்திரிக்கும் இப்படத்தின் பெரும்பகுதி, மங்கலொளியிலும் தொலைவானைப் பதியவல்ல டிஜிட்டல் கமெராக்களால் எடுக்கப்பட்டது. சோடிய விளக்குகளால் மஞ்சளேறிய வானம் வெண்மையாக்கப்படாது விடப்பட்டுள்ளது. இதனை வெறும் இயல்பொளி என்பதும் பொருந்தாது; வாடகைக் காருக்குள் மெல்லிய ஒளித்தகடுகளைப் பொருத்தியே முகங்களுக்கு ஒளியூட்டினர். தெருவின் நிறத்தை அழியாது முகத்தைக் காட்டும் உபாயம் அது. காட்சிகள் சிலவற்றில் படம் பொரிந்து தோன்றுதல் குறையே; எனினும் அக்குறை பொறுக்கத்தக்கது.

அந்நகர் 2009 முதல் தன் வீதிவிளக்குகளை எல்.ஈ.டி. விளக்குகளாக மாற்றத் தொடங்கியது. படத்தின் மஞ்சளைத் திருத்தியிருப்பின், மாற்றத்துக்கு முந்திய அவ்விரவின் சான்றொன்று அன்றே அழிந்திருக்கும்.